டீச்சர் ஓட்டினால் மட்டும் நின்றுபோகும் வண்டி

மெக்கானிக் தொழிலில் ஒரு கொடுமை உண்டு: வீட்டிலிருந்து கிளம்பும்போது இருமித் தள்ளுகிற வண்டி, எங்கள் ஷெட் வாசலைப் பார்த்ததும் பரம சாதுவாகிவிடும்.

உங்களுக்கும் நடந்திருக்கும். நடுரோட்டில் வண்டி ஆஃப் ஆகும், பின்னால் இருக்கிறவன் ஹாரனிலேயே உங்கள் பரம்பரையை விசாரிப்பான், வியர்த்து விறுவிறுத்து மெக்கானிக்கிடம் கொண்டு வருவீர்கள். அவன் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே சார் இருக்கு" என்பான். அப்போது அவனை நாலு அறை விடலாம் போல இருக்கும் இல்லையா? அந்த "நல்லாத்தானே இருக்கு" என்கிற பாவி நான்தான். பெயர் குணா. மந்தைவெளியில் ஷெட். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை என்றால் இந்தப் பக்கத்தில் என்னிடம்தான் அனுப்புவார்கள். அந்தப் பெருமையெல்லாம் ஒரே ஒரு வண்டியிடம் எப்படி வாங்கிக் கட்டிக்கொண்டது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

சும்மா இருக்கத் தெரியாத கால்

முதலில் தி.நகர் பாத்திரக்கடை அண்ணாச்சி. இவர் கதையைச் சொன்னால்தான் நான் ஏன் பின்னால் சறுக்கினேன் என்று உங்களுக்குப் புரியும். அண்ணாச்சி புதிதாக ஆட்டோமேட்டிக் வண்டி வாங்கியிருந்தார். வந்ததும் வராததுமாகக் கத்தல். "கியர்பாக்ஸ் போச்சு தம்பி, நிக்கச் சொன்னா முட்டுது, ஊட்டுக்காரி நெத்தி வீங்கிப் போச்சு!" கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஷெட்டுக்குள்ளேயே முன்னும் பின்னும் நகர்த்தச் சொல்லி, குனிந்து அவர் காலைப் பார்த்தேன்.

விஷயம் அங்கேதான் இருந்தது. வண்டியில் கிளட்ச் கிடையாது. ஆனால் அண்ணாச்சியின் இடது காலுக்கு அது தெரியாது. நிற்க வேண்டும் என்று மனசு நினைத்ததும் அது கிளட்சைத் தேடிப் போய், அகப்பட்ட பிரேக்கை மொத்த பலத்தோடு மிதிக்கிறது. கியர்பாக்ஸ் பாவம், சிவனே என்று கிடந்தது. இடது காலை மடக்கி வைத்துக்கொண்டு ஓட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அன்றிலிருந்து ஆட்டோமேட்டிக் வண்டி என்று யார் வந்தாலும் முதலில் அவர்கள் காலைத்தான் பார்ப்பேன். அண்ணாச்சி போகும்போது சொன்னது: "நாப்பது வருசமா கிளட்ச் மிதிச்ச காலு தம்பி, திடீர்னு சும்மா இருடான்னா அதுக்கும் ரோஷம் வருமா வராதா?"

போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்

பிலோமினா டீச்சர் வந்தது அதற்கப்புறம் சில நாளில். சாந்தோமில் வீடு. கணக்கு டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவர். ரிட்டையர் ஆன பிறகுதான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து முறையாகக் கார் கற்றுக்கொண்டவர். முன் சீட்டில் அவர் கணவர் சேவியர் சார், மடியில் கைத்தடி. துறைமுகத்தில் வேலை பார்த்தவர். பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வரும். அவரை வாரத்தில் மூன்று நாள் அடையாறுக்குப் பிசியோதெரபிக்கு டீச்சர்தான் அழைத்துப்போகிறார். ஆட்டோவில் அவர் கால் மடங்காது. கால் டாக்ஸிக்காரர்கள் கைத்தடியைப் பார்த்ததும் கேன்சல் செய்கிறார்கள், வந்தாலும் "சீக்கிரம் ஏறுங்க சார்" என்று விரட்டுகிறார்கள். சொந்த வண்டியில்தான் அவரால் நிதானமாக ஏறி இறங்க முடிகிறது. அந்த வண்டிதான் இப்போது படுத்துகிறது.

"நல்லா போகுது தம்பி. சிக்னல்ல நிக்கப் போறப்போ ஒரு குலுக்கல். அப்படியே ஆஃப் ஆயிடுது. திரும்ப ஸ்டார்ட் பண்ணா ஒண்ணுமே தெரியாத மாதிரி ஓடுது. முக்கியமா அடையாறு பாலம் இறங்கினதும். முந்தாநாள் பின்னாடி பஸ்ஸு, ஒரு சாண்ல நின்னுச்சு. மாதாவேன்னு கத்திட்டேன்." நான் என்ன செய்தேன் தெரியுமா? அண்ணாச்சி நினைப்பில், "டீச்சர், இடது கால் எங்க வெச்சிருப்பீங்க?" என்று கேட்டேன். சேவியர் சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்: "என் இடது கால் செருப்போட ஒரு ஓரமா உட்கார்ந்திருக்கு, சந்தேகமா இருந்தா போட்டோ எடுத்துக்கோங்க தம்பி."

ரஃபி பாயின் தீர்ப்பு

என் கூட்டாளி ரஃபி பாய். திருவல்லிக்கேணிக்காரர், எலக்ட்ரிகல் வேலை அவருடையது. வண்டிக்கு ஸ்கேனர் மாட்டினார். எந்தக் கோளாறும் பதிவாகவில்லை. பெட்ரோலும் காற்றும் கலக்கிற இடத்தில் கரி பிடித்திருக்குமோ என்று கழற்றிக் கழுவி மாட்டினேன். ஓட்டிப் பார்த்தேன். மாட வீதி நாலையும் சுற்றினேன், மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளத்தையெல்லாம் தாண்டி லஸ் வரைக்கும் போனேன். அது போதாதென்று பீச் ரோட்டில் நன்றாக விரட்டிக் காந்தி சிலை சிக்னலுக்கு நியூட்ரலிலேயே உருண்டு வந்து நின்றேன். ஸ்டியரிங்கில் தாளம் தட்டிக்கொண்டிருந்தேன். எஞ்சின் அம்சமாக ஓடிக்கொண்டிருந்தது. தன் பங்குக்கு ரஃபி பாயும் பாலம் வரைக்கும் போய்விட்டு வந்தார். ஊஹூம். ஒரு தும்மல்கூட இல்லை.

சரியாகிவிட்டது என்று டீச்சரிடம் கொடுத்தேன். அடுத்த நாளே போன். அதே பாலம், அதே இறக்கம், அதே குலுக்கல். சேவியர் சாருக்கு அன்று பிசியோதெரபியே நடக்கவில்லை. பதற்றத்தில் டீச்சர் மறுபடி ஸ்டார்ட் செய்யவே இல்லை, வழியில் போன யாரோ வண்டியை ஓரம் தள்ளியிருக்கிறார்கள். எனக்கு அவமானமாகிவிட்டது. வண்டியை மறுபடியும் கொண்டுவந்து, எல்லா வயரையும் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்து, மறுபடி ஓட்டி, மறுபடி ஒன்றும் இல்லை. ரஃபி பாய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வண்டி சுத்தமா கீது நைனா, ஓட்டுற கைதான் சரியில்ல."

மகன் கேட்ட உதவி

அன்று சாயந்திரம் டீச்சரின் மகன் ராபின் ஷெட்டுக்கு வந்தான். ஓ.எம்.ஆரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. நல்ல பையன், அதைச் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குக் கீழே கருவளையம். "அண்ணா, நானும் இந்த வண்டியை ஓட்டிப் பார்த்துட்டேன். அப்பா கத்துக்கொடுத்த மாதிரிதான் ஓட்டினேன். பாலம், பஜார், ஏர்போர்ட் எல்லாம் போயிட்டேன். ஒரு தடவைகூட நிக்கல. அம்மா ஓட்டினா மட்டும் நிக்குது. அப்ப என்னன்னு அர்த்தம்? வயசாயிடுச்சு. ரெண்டு பேரும் பாலத்துல மாட்டிக்கிட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சைதாப்பேட்டையில் இருக்கிற அவன் மாமா வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போவதாகப் பேச்சாம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லையாம். அப்பாவுக்கு மாத வாடகைக்கு டிரைவரோடு ஒரு வண்டி பார்த்துக்கொள்ளலாம் என்கிறான். கேட்கச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கணக்கில் டீச்சர் எங்கேயுமே இல்லையே என்று எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அவன் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டான்: "நான் சொன்னா சண்டை வரும்ணா, கோளாறு வண்டியில இல்ல உங்ககிட்டதான்னு அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

சொல்லப் போன இடம்

போனேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை. சாந்தோம் வீட்டில் சேவியர் சார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், இடது கையால். டீச்சர் எனக்குக் காப்பி கொடுத்தார். நான் மென்று விழுங்கி, "டீச்சர், நாங்க மூணு பேர் ஓட்டிப் பார்த்துட்டோம், எங்களுக்கு நிக்கல, அதனால..." என்று இழுத்தேன். டீச்சருக்கு மிச்சம் புரிந்துவிட்டது. எத்தனை பிள்ளைகள் விடைத்தாளை ஒளித்ததைப் பார்த்தவர்! அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. சாரின் தட்டை இன்னும் கொஞ்சம் அவர் இடது கைப்பக்கம் நகர்த்தி வைத்தார். அதுதான் தாங்க முடியவில்லை.

பிறகு மெதுவாக, "ராபின் அனுப்பினானா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "இவர் விழுந்தப்புறம் இந்த வீட்டுல எல்லாருக்கும் பயம் தம்பி. எனக்கும்தான். ஆனா இவரை ஏத்தி உட்கார வெச்சு நான் சாவியைத் திருப்பறப்போ மட்டும் எனக்குப் பயம் போயிடும். அதையும் எடுத்துட்டீங்கன்னா எப்படி?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் பழைய டீச்சர் குரல் வந்துவிட்டது: "எல்லாரும் என்கிட்ட சாவியை வாங்கிட்டுப் போய் ஓட்டிப் பார்த்தீங்களே, ஒருத்தராவது நான் ஓட்டறப்போ கூட உட்கார்ந்து பார்த்தீங்களா?"

பின் சீட்டில் நான்

சுருக்கென்று இருந்தது. மறுநாள் பிசியோதெரபி நாள். பின் சீட்டில் நடுவில் உட்கார்ந்து இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டிக்கொண்டேன். முன்னால் சேவியர் சார். டீச்சர் ஓட்டுவதைப் பார்த்தால் உண்மையிலேயே பாடப் புத்தகம்தான். கண்ணாடி பார்க்கிறார், இண்டிகேட்டர் போடுகிறார், இடது கால் சொன்னபடியே செருப்போடு ஓரமாக இருக்கிறது. கிரீன்வேஸ் சாலையில் போகும்போது வண்டி நன்றாகச் சூடாகிவிட்டது. பாலத்தில் நல்ல வேகம். இறக்கத்தில் சிவப்பு விளக்கு. டீச்சர் பிரேக்கில் காலை வைத்தார். அப்போது சேவியர் சாரின் இடது கை மடியைத் தாண்டி ஊர்ந்து வந்து கியர் மேல் உட்கார்ந்தது. டீச்சர் பட்டென்று அந்தக் கையில் ஒன்று வைத்தார். கை வாபஸ். வண்டி நிற்கப் போகிற நேரத்தில் கடகடவென்று ஒரு குலுக்கல். ஆஃப்!

பின்னால் பஸ் ஹாரன். இத்தனை நாள் இந்த அம்மா இதைத் தனியாகப் பட்டிருக்கிறார். டீச்சர் ஸ்டார்ட் செய்து ஓரம் கட்டினார். "சார் எதுக்கு டீச்சர் கியர்ல கை வெச்சார்?" என்றேன். "அது அவரோட பழைய வியாதி. சிக்னலைத் தூரத்துல பார்த்தாலே நியூட்ரல் போட்டுடணும். பெட்ரோல் மிச்சமாம். எனக்கு டிரைவிங் ஸ்கூல்ல அப்படிச் சொல்லித்தரல, ஆட்டோமேட்டிக்ல ஓடற கியரான டி-யிலேயே வெச்சு பிரேக் போடணும்னுதான் சொன்னாங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நானும் நியூட்ரல் போடுகிறவன்தான்! ரஃபி பாயும் அப்படித்தான். அப்பா கற்றுக்கொடுத்த ராபினும் அப்படித்தான். இந்த ஊரில் ஸ்டியரிங் பிடித்த முக்கால்வாசிப் பேருக்கு சிக்னலைக் கண்டால் கை தானாக நியூட்ரலுக்குப் போகும், போனதே தெரியாது.

திரும்பி வரும்போது டீச்சரிடம் கெஞ்சி, சாரை இஷ்டத்துக்கு விடச் சொன்னேன். அடுத்த பெரிய சிக்னல். சேவியர் சார் ராஜாவைப் போலக் கையை நீட்டி லீவரை நியூட்ரலுக்குத் தள்ளினார். வண்டி அலுங்காமல் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. டீச்சர் அவரைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவர் வாய் கோணிய சிரிப்போடு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: "நான்... சொன்னேன்... இல்ல?"

பூட்டு திறக்கவில்லை

விஷயம் இவ்வளவுதான். கிளட்ச் வண்டியில் கிளட்சை மிதிக்காமல் பிரேக் போட்டால் குலுங்கி அணைந்துவிடும் இல்லையா? ஆட்டோமேட்டிக்கில் அந்தக் கிளட்ச் வேலையை எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டர் எண்ணெயை வைத்துச் செய்துகொள்ளும். வேகம் பிடித்ததும் உள்ளே ஒரு பூட்டு விழுந்து எஞ்சினையும் கியரையும் ஒன்றாகக் கட்டும். நிற்கப் போகும்போது அந்தப் பூட்டு திறந்துவிட வேண்டும். டீச்சர் வண்டியில் சூடானதும் அந்தப் பூட்டைப் போட்டுத் திறக்கிற சின்ன மின்சார வால்வு ஒட்டிக்கொள்கிறது, பூட்டு திறப்பதில்லை. சக்கரம் நின்றால் எஞ்சினும் நின்றுதான் ஆக வேண்டும். நியூட்ரலில் தள்ளிவிட்டால் சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் சம்பந்தமே அறுந்துபோகிறது. அதனால் எங்கள் யாருக்கும் நிற்கவில்லை.

நிச்சயம் செய்துகொள்ள, வண்டி குளிர்ந்திருக்கும்போதே அந்த வால்வுக்குப் போகிற வயரைப் பிடுங்கிவிட்டு டீச்சரை ஓட்டச் சொன்னேன். கரண்ட் இல்லாததால் இப்போது பூட்டே விழாது. பாலம் இறங்கி டி-யிலேயே பிரேக் போட்டார். வண்டி நின்றது, எஞ்சின் நிற்கவில்லை. அது போதும். அடியில் கழற்றினால் எண்ணெய் கறுத்து, கருகின வாடை. வால்வு முழுக்கப் பிசின். ரஃபி பாய் ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிற ஜி.பி. ரோட்டுக்குப் போய்ப் புது வால்வு வாங்கிவந்தார். மாட்டி, எண்ணெய் மாற்றி, வயரைச் சொருகி முடித்தோம். கடைசி போல்ட்டை முறுக்கிவிட்டுப் பாய் எழுந்து உட்கார்ந்தார்: "அப்ப ஊரே தப்பா ஓட்டி தப்பிச்சிக்கினு கீது, டீச்சரு மட்டும் கரீட்டா ஓட்டி மாட்டிக்கினாங்களா?"

ஞாயிற்றுக்கிழமை, பாலத்துக்கு அப்பால்

ராபினிடம் போனில் எவ்வளவோ விளக்கினேன். "சரிண்ணா, சரிண்ணா" என்றானே தவிர நம்பவில்லை. பூசை முடிந்து வந்த டீச்சர் அவனிடம், "உட்காரு, அடையாறு வரைக்கும் போயிட்டு வரலாம். மாமா அதுவரைக்கும் வீட்டுல டீ குடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். வண்டி கைமாறப் போகிற விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என்னையும் ஏற்றிக்கொண்டார். முன்னால் அவரும் சேவியர் சாரும், பின்னால் நானும் ராபினும். அம்மா ஓட்டி அவன் பின்னால் உட்கார்வது அதுதான் முதல் தடவையாம். மேலே இருக்கிற கைப்பிடியை அவன் விடவே இல்லை.

கிரீன்வேஸ் சாலை. பாலம். நல்ல வேகம். இறக்கத்தில் சொல்லிவைத்த மாதிரி சிவப்பு. பின்னால் பஸ்ஸும் இருந்தது. வேலை பார்த்தவன் நான்தான், இருந்தாலும் என் கை முன் சீட்டைப் பிடித்துக்கொண்டது. சேவியர் சாரின் கை மெதுவாக ஊர்ந்தது. "ஏங்க" என்றார் டீச்சர், திரும்பிக்கூடப் பார்க்காமல். கை மடிக்குத் திரும்பியது. டீச்சர் டி-யிலேயே பிரேக்கை மிதித்தார். வண்டி வெண்ணெயாக நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ராபின் கைப்பிடியை விட்டான். கொஞ்ச நேரம் அம்மாவின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போனை எடுத்தான். "மாமா, ஸாரி மாமா. வண்டி குடுக்கறதா இல்ல. அம்மா ஓட்டிக்கிட்டு இருக்காங்க" என்றான். கண்ணாடியில் டீச்சரின் கண் மட்டும் தெரிந்தது. அதைப் பார்க்க முடியாமல் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

விளக்கு இன்னும் சிவப்பாகவே இருந்தது. சேவியர் சார், உறுமிக்கொண்டிருக்கிற எஞ்சினையும் தன் கைக்கு எட்டுகிற லீவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெரிய மனக்குறையோடு பெருமூச்சு விட்டார்: "பெட்ரோல்... வேஸ்ட்டு."

அன்றிலிருந்து வண்டி நின்று நின்று போகிறது என்று யார் வந்தாலும் நான் சாவியைக் கேட்பதில்லை, அவர்களையே ஓட்டச் சொல்லிப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, என் வலது கையை மட்டும் தொடைக்கு அடியில் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன்.